முக்கோண இஸ்திரி

“அந்த ஸ்வெட்டரைக் கழட்டிருங்களேன் தம்பி” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த மேடம்.

நேர்முகத் தேர்வில் கேட்கக்கூடிய கேள்விகள் என்று எழுபது கேள்விகளை நான் உருப்போட்டு வைத்திருந்தேன். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. எழுபதில் ஒன்றுகூட ஸ்வெட்டரைப் பற்றி இல்லை.

இடம் மசினகுடியில் காட்டை ஒட்டிய ஒரு விடுதியின் ஆபீஸ் அறை. மாதம் சித்திரை. வெயில் ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு மேஜையைத் தடவிக்கொண்டிருந்த பகல் வேளை. தலைக்குமேல் மின்விசிறி, யாரோ கெஞ்சிக் கேட்டுக்கொண்டதற்காகச் சுற்றுவதுபோலச் சுற்றியது. அதன் கீழே நான், அம்மா பின்னிய மெரூன் கலர் கம்பளி ஸ்வெட்டரில், அடுப்பில் வைத்த கிழங்குபோல உட்கார்ந்திருந்தேன்.

“பரவால்லீங்க மேடம்” என்றேன்.

மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டுக் கிளம்பி, மேஜைமேல் இருந்த பயோடேட்டாவில், குறி பார்த்தாற்போல என் பெயரின் மேலேயே விழுந்தது. பெயர் மெல்ல ஊறிப் பரவியது.

ஏன் கழட்டவில்லை என்று சொல்ல வேண்டுமானால், உங்களை ஒருமுறை மலைமேல் இருக்கிற எங்கள் ஊர் பிக்கட்டிக்கு ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

ஊரில் சட்டை என்றால்

அதற்கு முன் ஒரு தகவல். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன் இல்லையா, அதைப் படித்துவிட்டு என் தங்கை வேணி போன் செய்தாள். ‘இறங்கிய’ என்று எழுதியது தப்பாம். ‘உருண்ட’ என்று எழுதியிருக்க வேண்டுமாம். எனவே இந்த வாரம் எழுதியதை முதலில் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். அவள் சொன்ன திருத்தங்களும் ஆங்காங்கே இருக்கின்றன. அவள் பேச்சுக்கு நான் பொறுப்பல்ல.

எங்கள் ஊரில் ஒருவனுடைய சட்டையை முழுதாகப் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான். தைத்தவர், துவைத்தவர். மற்ற உலகத்துக்குச் சட்டை என்பது கழுத்துக்குக் கீழே தெரியும் ஒரு முக்கோணம். அவ்வளவுதான். மீதியெல்லாம் தை முதல் மார்கழி வரை ஸ்வெட்டருக்குள் இருக்கிறது.

அதனால் எங்கள் வீட்டில் யாரும் சட்டையைத் தேய்த்ததில்லை. முக்கோணத்தைத் தேய்ப்போம். காலரில் இரண்டு இழுப்பு, மேல் பட்டன் மூன்றைச் சுற்றி ஒரு இழுப்பு. முடிந்தது. “முக்கோணம் தேச்சாச்சா?” என்பதுதான் காலையில் அம்மா கேட்கும் கேள்வி. மின்சாரமும் மிச்சம், நேரமும் மிச்சம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மாப்பிள்ளைபோல விறைப்பாக நிற்போம். ஸ்வெட்டருக்குள்ளே ஒவ்வொருவனும் கசக்கிப் போட்ட காகிதம்.

அப்பா இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர். குந்தா மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. காலர் நைந்தால் மஞ்சூர் தையல்காரரிடம் கொடுத்துக் காலரை மட்டும் புதிதாக வைத்துக்கொள்வார். அந்தச் சட்டையின் உடம்பு என்னைவிட மூத்தது. காலர் வேணியைவிட இளையது. நடுவில் இரண்டு காலர் வந்து போயின. அந்தச் சட்டையோடு அவர் பார்க்காத கல்யாணமில்லை. எல்லாப் போட்டோவிலும் பளிச்சென்று இருப்பார், முக்கோண அளவுக்கு.

திங்கட்கிழமை திருப்பூர்

அந்தக் காலகட்டத்தில் எனக்குப் படிப்பு முடிந்து, வேலை மட்டும் ஆரம்பிக்காமல் இருந்தது. நான்கு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் நான்கிலும் “சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். சொல்லியும் அனுப்பவில்லை, அனுப்பியும் சொல்லவில்லை.

அப்பா ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே தீர்ப்புச் சொன்னார். “சனிக்கிழமை மசினகுடிக்குப் போ. ஆச்சுன்னா நல்லது. இல்லீன்னா திங்கக்கிழமை மாமன்கூடத் திருப்பூர் வண்டி ஏறு. பேசிட்டேன்.”

மாமா அங்கே ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். திருப்பூர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. உலகத்துக்கே உள்ளாடை போட்டு அழகு பார்க்கிற ஊர். ஆனால் ஒரு முழுப்பரீட்சை லீவுக்கு மாமா வீட்டில் பத்து நாள் இருந்திருக்கிறேன். காலையில் கதவைத் திறந்தால் தெரு மட்டும்தான் இருக்கும். எங்கள் வீட்டில் கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து பாத்திரத்தையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். பதினோராம் நாள் பிக்கட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸின் ஈர இலை வாசனை மூக்கில் ஏறியபோது, இனிமேல் இந்த வாசனையை விட்டுப் போகக்கூடாது என்று ரகசியமாக முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேணி சிரிப்பாள். இப்போது வாசித்துக் காட்டினேன், சிரித்தாள்.

ஆகவே சனிக்கிழமை தோற்கக்கூடாது. தோற்காமல் இருக்க நல்ல சட்டை வேண்டும்.

அடுப்படி மாநாடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பைச் சுற்றி மாநாடு கூடியது. அப்பா, அம்மா, வேணி, நான். நடுவில் என் மொத்த ஆடைச் செல்வமும். அப்பாவின் வெள்ளைச் சட்டை அந்த வாரம் பார்த்துக் காலர் மாற்ற மஞ்சூருக்குப் போயிருந்தது.

முதலில் ஒரு கறுப்புச் சட்டை. நெஞ்சில் டிராகன் நெருப்புக் கக்கும். “இன்டர்வியூக்குப் போறியா, அவங்களைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கப் போறியா?” என்றாள் வேணி. டிராகன் உள்ளே போனது.

அடுத்து மாமா தன் கல்யாணத்தில் போட்ட பிரவுன் கோட்டு. மாமா என்னைப்போல ஒன்றரை ஆள். போட்டுக்கொண்டு அடுப்படியில் இரண்டு நடை நடந்து காட்டினேன். “கோட்டு நல்லா நடக்குதுங்கப்பா, உள்ள இருக்கற ஆளைத்தான் காணோம்” என்றாள். கோட்டும் உள்ளே போனது.

மிஞ்சியது என் சொந்த வெள்ளைச் சட்டை. நான்கு நாள் கோடை மழையில் காயாமல், அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டு, சுட்ட கத்தரிக்காய் வாசனையோடு ஒருவழியாகக் காய்ந்திருந்தது. பரவாயில்லை, வெள்ளைதான். நானே தேய்க்கிறேன் என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். தேய்த்தபடியே எழுபது கேள்விகளையும் சொல்லிப் பார்த்தேன். “உங்கள் பலவீனம் என்ன?” என்ற கேள்வி வந்தது. கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தேன்.

விடை மூக்குக்கு வந்தது. காலருக்குக் கீழே, முக்கோணத்தின் நட்டநடுவில், பழுப்பு நிறத்தில் இன்னொரு முக்கோணம்.

அம்மா திட்டவில்லை. “போஜனைக் கூப்புடு” என்றார்.

போஜன் என் பள்ளித் தோழன், பக்கத்து ஹட்டிக்காரன். ஹட்டி என்றால் படுகர்களின் ஊர். சனி ஞாயிறுகளில் ஒரு சமையல் குழுவோடு கல்யாணங்களுக்குப் பரிமாறப் போவான். பரிமாறுகிறவனுக்குப் பெயர் போஜன் என்று வைத்த அவன் அப்பாவின் தீர்க்கதரிசனத்தை ஊரே மெச்சும். அரை மணியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே பால்போல வெள்ளைச் சட்டை. எனக்கு அளவெடுத்ததுபோல இருந்தது.

“ஞாயித்துக்கெழமெ காலெயிலெ திருப்பி வேணும். மஞ்சூர்லெ இருநூறு இலெ” என்றான்.

அப்புறம் சட்டையைத் திருப்பினான்.

முதுகு முழுக்கச் சிவப்பு எழுத்து. மேலே சமையல் குழுவின் பெயர். நடுவில் ‘கல்யாணம் முதல் கருமாதி வரை’. கீழே போன் நம்பர், தூரத்திலிருந்தும் படிக்கிற மாதிரி.

நாங்கள் நால்வரும் அதைப் படித்தோம். அடுப்பில் விறகு ஒருமுறை வெடித்தது.

“பின்னாடி யாரு பாக்கப் போறாங்க?” என்றார் அம்மா. “அதான் ஸ்வெட்டர் இருக்குதே.”

இருக்கிறதுதான். எல்லாருக்கும் உடனே மனம் லேசாகிவிட்டது. முக்கோணத்தை மட்டும் அம்மாவே தேய்த்துக் கொடுத்தார். குந்தா தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எந்த ஊருக்கு இறங்குகிறது என்று துளித்துளியாகத் தெரிந்தவர் என் அப்பா. அவருக்குக்கூட மசினகுடி கீழே இருக்கிறது, அங்கே சித்திரையில் வெயில் அடிக்கும் என்று தோன்றவில்லை. பிக்கட்டிக்காரன் மனதில் உலகம் முழுவதும் பிக்கட்டிதான்.

முப்பத்தாறு வளைவு

ஊட்டியில் பஸ் மாறிக் கல்லட்டிப் பாதையில் இறங்கும்போதுதான் உண்மை உறைத்தது. உறைத்தது என்பது தப்பு, உருகியது.

முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவில் முன்சீட்டுப் பெரியவர் குல்லாவைக் கழட்டினார். பத்தாவதில் ஒரு பெண் சால்வையை மடித்தார். இருபதில் பஸ்ஸில் பாதிப்பேர் ஸ்வெட்டரைக் கழட்டி மடியில் வைத்துவிட்டார்கள். முப்பதில் கண்டக்டரும் கழட்டினார். நான் மட்டும் கம்பளிக்குள் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் இருந்த அக்கா என்னை இரண்டு வளைவு நேரம் பார்த்தார். “ஏனுங் தம்பி, காய்ச்சலுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடியும் என்று ஆமாம் என்றேன். முடியவில்லை. பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்து, நான் விழுங்கும்வரை தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இல்லாத காய்ச்சலுக்கு மாத்திரை போட்டபடி நான் மசினகுடியில் இறங்கினேன்.

மூன்று காரணங்கள்

இனி ஆபீஸ் அறைக்குத் திரும்பலாம். சொட்டு விழுந்து பெயர் ஊறிக்கொண்டிருந்த இடத்தில் விட்டிருந்தோம்.

மேடம் அந்த விடுதியின் மேனேஜர். கோயமுத்தூர்க்காரர். ஊட்டிக்கு டூர் வந்து, போட்டோவுக்காக மட்டும் ஸ்வெட்டர் போடுகிற ஊர். “உங்களைப் பாத்தா எனக்கு வேர்க்குதுங்க. கழட்டிருங்க” என்றார் மறுபடியும்.

“எனக்குக் கொஞ்சம் குளிர்ந்த உடம்புங்க மேடம்” என்றேன், நெற்றியை வழித்துவிட்டு.

அவர் என் கையைப் பார்த்தார். கை சொட்டியது.

“அது வந்துங்க, ஒரு வேண்டுதல். வேலை கிடைக்கற வரைக்கும் கழட்டறதில்லீன்னு மாரியம்மன் கோயில்ல.”

“குளிக்கறப்போ?”

இதை நான் யோசித்திருக்கவில்லை. மூன்றாவது காரணத்துக்குத் தாவினேன். “கழட்ட வராதுங்க மேடம். எங்கம்மா என்னை உள்ள வெச்சே பின்னிட்டாங்க.”

மேடம் பேனாவை மூடி வைத்தார். அவர் வாய் ஓரம் ஒருமுறை துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா, எனக்குப் பிடிபடவில்லை. அவர் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்ட, மேலிருந்து வந்தது காற்றில்லை, கொதிக்கும் கஞ்சியின் ஆவி. கண் இருட்டியது. இங்கே மயங்கி விழுந்தால் எப்படியும் கழட்டிவிடுவார்கள், அதற்கு நானே கழட்டுவது மேல் என்று தோன்றியது.

கழட்டினேன்.

முன்பக்கம் முக்கோணம் மட்டும் வெள்ளைப் பீங்கான்போல மின்னியது. மற்ற இடமெல்லாம் பலாப்பழத் தோல். மேடம் சற்று நேரம் ஆராய்ந்தார். “இஸ்திரிப் பெட்டி அவ்வளவுதான் எட்டுமுங்களா?” என்றார்.

“எங்க ஊர்ல அவ்வளவுதான் தெரியுமுங்க” என்றேன். அன்று நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

போகட்டும், முதுகு இன்னும் நாற்காலியோடு ஒட்டியிருக்கிறது. இப்படியே உட்கார்ந்தபடி வேலையை வாங்கிவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

“எழுந்திருங்க” என்றார் மேடம். “நான் கெஸ்ட்டுன்னு வெச்சுக்கோங்க. பெங்களூர்லருந்து கார்ல வந்து களைச்சுப் போயிருக்கேன். என்னை ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, பாக்கலாம்.”

கூட்டிக்கொண்டு போகிறவன் முன்னால் நடக்க வேண்டும். முன்னால் நடப்பவனுக்கு முதுகு பின்னால் இருக்கும். இதை மாற்றிப் படைக்காத கடவுளை நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

“வாங்க வாங்க” என்று இரண்டு கையையும் விரித்து அவரைப் பார்த்துச் சிரித்தபடி, பின்னால் பின்னால் நடக்க ஆரம்பித்தேன்.

“திரும்பி நடங்க.”

“விருந்தாளிக்கு நாங்க முதுகு காட்டமாட்டோமுங்க மேடம். எங்க ஊர்ப் பழக்கம்.”

அப்படி ஒரு பழக்கம் பிக்கட்டியில் கிடையாது. அந்த நிமிஷம் பிறந்தது. கதவைக் குத்துமதிப்பாகத் தாண்டினேன், வராந்தாவில் நான்கடி போனேன். “இந்தப் பக்கம் மரங்க, அந்தப் பக்கமும் மரந்தாங்க” என்று காட்டை வேறு விளக்கினேன். மேடம் பின்னாலேயே, அதாவது முன்னாலேயே வந்தார். வராந்தாவின் முனையில் விடுதியின் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அது இருப்பது எனக்குத் தெரியாது. நான் வருவது அதற்கும் தெரியாது.

குதிகால் பட்டதும் நாய் எழுந்தது, நான் விழுந்தேன். மல்லாந்து விழுந்திருந்தால்கூடத் தப்பியிருப்பேன். விழுகிற வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு படி தாண்டிப் புல்தரையில் குப்புறக் கிடந்தேன். முதுகு வானத்துக்கும் மேடத்துக்கும் திறந்த புத்தகமாக இருந்தது.

நாய்கூடக் குரைக்காமல் படித்தது.

“கல்யாணம் முதல்” என்று மேடத்தின் குரல் நிதானமாகக் கேட்டது. “கருமாதி வரை.”

அடுத்து போனில் நம்பர் அழுத்தும் சத்தம். ஸ்பீக்கரில் ஓர் உற்சாகமான குரல் வந்தது. “வணக்கமுங்க, எத்தனை இலைங்க?”

“ஒரு இலைதாங்க. இங்க விழுந்து கிடக்குது” என்றார் மேடம்.

புலியும் மானும்

நான் அழுதேன் என்று வேணி சொல்கிறாள். அவள் அங்கே இல்லை. அது வியர்வை.

எழுந்து புல்லைத் தட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டிராகன், கோட்டு, எழுபது கேள்விகள், பலவீனத்தில் பொசுங்கிய சட்டை, போஜன், முக்கோணம், பஸ்ஸில் விழுங்கிய மாத்திரை வரைக்கும். திங்கட்கிழமை திருப்பூர் என்பதையும் சொன்னேன். மேகம் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதைக்கூட விடவில்லை. ஸ்வெட்டரைக் கையில் சுருட்டிக்கொண்டு, “வர்றேனுங்க மேடம்” என்று கிளம்பினேன். இனி மறைக்க ஒன்றுமில்லாததால், திரும்பியே நடந்தேன்.

“நில்லுங்க” என்றார்.

நின்றேன்.

“இங்க வர்றவங்க எல்லாம் புலி பாக்க வர்றாங்க. மூணு நாளும் ஜீப்புல போய் மானைப் பாத்துட்டு வர்றாங்க. சாயங்காலம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இந்த வராந்தாவுல உக்காருவாங்க. அவங்ககூடப் பேசறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும். காலையிலருந்து நாலு பேரைப் பாத்தேன். எல்லார் சட்டையும் நல்லா இருந்துது.”

“அங்க புலி இருக்குது, நாளைக்கு வரும்னு பொய் சொல்லணுங்களா மேடம்?”

“வேண்டாம். பொய் உங்களுக்கு வரலை” என்றார். “இந்த ஸ்வெட்டர் கதையைச் சொல்லுங்க, போதும்.”

அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். புலி வராத சாயங்காலங்கள் இந்தக் காட்டில் ஏராளம். ஆகவே இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதை நீங்களே யூகிக்கலாம். மேகம் மசினகுடிக்குள் அவ்வளவாக வருவதில்லை. ஆனால் லீவு கிடைத்தால் காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் அதைப் போய்ப் பார்த்துவிடலாம்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அப்பா மாமாவுக்குப் போன் செய்தார். “பையன் வரலை” என்றார். சற்றுக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இல்ல, சட்டையைப் பாத்துதான் எடுத்தாங்களாம்” என்றார். குரலில் பெருமை இருந்தது. போஜனின் சட்டையில் மட்டும் புல் பச்சை கடைசிவரை போகவில்லை. அதோடுதான் மஞ்சூரில் இருநூறு இலை பரிமாறினான். ஆனால் அந்த மாதமே எங்கள் விடுதி ஊழியர் விருந்துக்கு அறுபது இலை அவர்கள் குழுவுக்குப் போனதால், நட்பு தப்பியது.

போன சித்திரையில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இப்போது ஆள் எடுக்கும் நாற்காலியில் நான் உட்காருகிறேன், அதே அறையில். மின்விசிறி போய் ஏசி வந்துவிட்டது, அதையும் சிக்கனத்துக்காக அணைத்துத்தான் வைப்போம். மஞ்சூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்துவரை மூடிய பச்சை ஸ்வெட்டர், அதன் மேலே சுடிதாரின் காலர் மட்டும் பளிச்சென்று. நெற்றியிலிருந்து சொட்டு கிளம்பி மூக்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் ஸ்வெட்டரின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

பக்கத்தில் இருந்த எங்கள் புது அக்கவுண்டன்ட், கரிசனத்தோடு, “வேர்க்குது பாருங்க, அந்த ஸ்வெட்டரைக்...” என்று ஆரம்பித்தார்.

நான் அவசரமாக ஏசியைப் போட்டுப் பதினாறில் வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் அக்கவுண்டன்ட் கைகளைத் தேய்க்க ஆரம்பித்தார். பத்தாவது நிமிஷம் அந்தப் பெண் ஸ்வெட்டர் விளிம்பை விட்டுவிட்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தாள். நன்றாகப் பேசினாள். எனக்குப் பல் கிட்டியது. அலமாரியைத் திறந்து, அம்மா பின்னிய அதே மெரூன் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

வேலைக்கு எடுத்துக்கொண்டோம். உள்ளே என்ன போட்டிருந்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அறையை விட்டு வெளியே போகும்போது மட்டும், என்னைப் பார்த்துச் சிரித்தபடி, கதவுவரை பின்னால் பின்னால் நடந்து போனாள்.